பாவங்கள் உளிக்கு எளிதாக வருகின்றன, நற்குணங்கள் வர மாட்டேன் என்கின்றன. என்ன செய்யலாம்?

கொலுசுப்பட்டறை மகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஏழு பாவங்கள், ஏழு நற்குணங்கள் என்று ஓர் அச்சுப்பட வரிசை செய்துகொண்டிருக்கிறேன். சில லினோவில் (உளியால் செதுக்கி அச்சிடும் லினோலியம் அட்டை), சில செம்புத் தகட்டில். பாவங்கள் மளமளவென்று வந்துவிட்டன. நற்குணங்களில் கை நின்றுவிட்டது. அதைப் பற்றிக் கேட்கத்தான் இந்த இழை. கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை. உளி எந்தச் சாய்வில் வழுக்கும், எந்தச் சாய்வில் உலோகத்தைக் கடிக்கும் என்பதை அங்கே பார்த்தே வளர்ந்தேன். இப்போது ஏற்காட்டில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியை. மேலே குளிர் காலத்தில் லினோ விறைத்துப்போய் உளியை உள்ளே விடாது. வெயிலில் காயவைத்தோ, இஸ்திரிப் பெட்டியை மேலாக ஓட்டியோ இளக்கிக்கொண்டுதான் வெட்ட வேண்டும். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நான் பார்த்துச் செய்வது பெரும்பாலும் பழைய ஐரோப்பிய ஓவியர் பீட்டர் புரூகலின் படங்களை. 1556, 1557 ஆண்டுகளில் அவர் ஏழு பாவங்களைப் பேனாவால் வரைந்தார். ஆண்ட்வெர்ப் நகரில் ஹிரோனிமஸ் காக் என்ற பதிப்பாளர் அவற்றைச் செம்பில் வெட்டவைத்து 1558இல் அச்சிட்டு விற்றார். வெட்டியவர் பீட்டர் வான் டெர் ஹேய்டன். ஒவ்வொரு படமும் ஏறத்தாழ ஏ4 தாள் அளவுதான், ஆனால் உள்ளே ஓர் ஊரே இருக்கிறது. நடுவில் அந்தப் பாவம் ஒரு பெண்ணாக இருக்கும், பக்கத்தில் அதற்கென்று ஒரு விலங்கு. தற்பெருமைக்கு மயில், பேராசைக்குத் தேரை, பெருந்தீனிக்குப் பன்றி, சினத்துக்குக் கரடி, சோம்பலுக்குக் கழுதை. சோம்பல் கழுதைமேல் சாய்ந்து தூங்குகிறாள். அவளுடைய தலையணையை ஒரு பேய் பரிவோடு சரிசெய்து கொடுக்கிறது. சுற்றிலும் நத்தைகள் ஊர்கின்றன. அந்தப் பேயின் பரிவு எனக்கு மிகவும் பிடித்தது. சோம்பலை வளர்ப்பது யாரோ நமக்குக் காட்டும் வசதிதான் என்று அந்த ஒரு கை சொல்லிவிடுகிறது.

பேராசைப் படத்தில் மடி நிறையக் காசோடு ஒருத்தி. பின்னால் கம்பத்தில் பணப்பையைக் கட்டிவிட்டு அம்பெய்கிறார்கள். ஓரத்தில் அடகுக் கடை மாதிரி ஒரு குடில். இதைச் சேலத்துக்குக் கொண்டுவர நான் அதிகம் யோசிக்கவேயில்லை. என் தேரை அடகுக் கடைத் தராசின் தட்டில் உட்கார்ந்திருக்கிறது. எதிர்த் தட்டில் குத்துவிளக்கு, அண்டா, குழந்தையின் அரைஞாண், ஒற்றைக் கொலுசு. எவ்வளவு ஏற்றினாலும் தேரையின் பக்கம்தான் தாழ்ந்திருக்கிறது. அச்சு எடுத்துப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரு நொடி பேசாமல் நின்றார்கள்.

நற்குணம் என்று வந்தால் எல்லாம் போய்விடுகிறது. பொறுமை என்று ஒரு முகத்தை வரைந்தால் அது பள்ளிச் சுவரில் எழுதும் பொன்மொழிப் பக்கத்துப் படம் மாதிரி ஆகிறது. ஈகை என்று கையை வரைந்தால் வங்கி விளம்பரம். எல்லாம் அமைதியாக, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு குறையும் இல்லாமல் நிற்கின்றன. குறையில்லாத முகத்தில் வெட்டுவதற்குக் கோடு எங்கே இருக்கிறது?

இரண்டாவதும் ஒன்று உண்டு, அது இன்னும் உறுத்துகிறது. பாவத்துக்கு யாருடைய முகம்? எங்கள் பாட்டி வீட்டில் எமலோகத் தண்டனைப் படம் ஒன்று சட்டம் போட்டு மாட்டியிருந்தது. பொய் சொன்னவனுக்கு நாக்கு, திருடியவனுக்கு எண்ணெய்க் கொப்பரை. அதில் தண்டனை பெறுகிறவர்கள் எல்லோரும் இடுப்பில் ஒரு துண்டு மட்டும் கட்டிய ஏழைகள். வதைக்கிற கிங்கரர்கள் எல்லோரும் கன்னங்கரேல் என்று இருந்தார்கள். சிவப்பாக, நகை போட்டுக்கொண்டு நின்றவர் எமன் பக்கத்தில் கணக்குப் படித்த சித்திரகுப்தன் மட்டும்தான். புரூகலிடம் பாவங்கள் அத்தனையும் பெண்கள். பழைய படத்தை இன்று எடுக்கும்போது இதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வருகிறோம். அதை எங்கே வெட்டி எறிவது?

நற்குணத்தைப் படமாக்கியவர்கள், படமாக்கப்பட்டதைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

கும்பகோணத்து அச்சுக்காரன் எழுதியது:

நல்ல கேள்வி. நான் கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் அச்சுக்கலை படித்தவன். இப்போது சென்னையில் இருக்கிறேன்.

நீங்கள் புரூகலின் பாவங்களோடு நின்றுவிட்டீர்கள் போலத் தெரிகிறது. அவரே 1559, 1560இல் நற்குணங்களையும் வரைந்தார். ஏழும் உண்டு, அதே பதிப்பாளர்தான். முதலில் கவனிக்க வேண்டியது, பாவங்களில் மொய்த்த பேய்களும் பாதி மீன் பாதி மனித உருவங்களும் நற்குணங்களில் ஏறத்தாழக் காணோம். மனிதர்கள்தான் இருக்கிறார்கள், ஏதோ ஒரு வேலையில். முன்யோசனைப் படத்தை எடுத்துப் பாருங்கள். அந்தப் பெண் தலைமேல் ஒரு சல்லடை, கையில் கண்ணாடி, பக்கத்தில் ஒரு சவப்பெட்டி. ஆனால் படத்தைத் தூக்கி நிறுத்துவது அவள் இல்லை. சுற்றி இருப்பவர்கள் இறைச்சிக்கு உப்புப் போட்டு வைக்கிறார்கள், விறகு சேர்க்கிறார்கள், இடிந்ததைச் செப்பனிடுகிறார்கள். ஈகைப் படத்திலும் அப்படியே. பசித்தவருக்குச் சோறு, தாகத்துக்குத் தண்ணீர், உடுப்பு, நோயாளியைப் பார்த்தல், சிறையில் இருப்பவரைப் பார்த்தல், வழிப்போக்கருக்கு இடம், இறந்தவரை அடக்கம் செய்தல். அத்தனையும் நெரிசலாக ஒரே தெருவில் நடக்கின்றன. பொறுமையான முகம் ஒன்றுகூட அதில் வேண்டியிருக்கவில்லை.

மட்டான வாழ்வுக்கு அவர் வரைந்த பெண் இன்னும் விசித்திரம். தலையில் கடிகாரம், வாயில் குதிரைக் கடிவாளம், கையில் மூக்குக் கண்ணாடி, காலடியில் காற்றாலையின் இறக்கை. பார்க்கவே கழுத்து வலிக்கிறது. நற்குணம் என்றால் சுகமாக நிற்க வேண்டும் என்று யார் சொன்னது?

நீதிப் படத்தைத் தனியாகப் பாருங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு வாளும் தராசுமாக நடுவில் நிற்கிறாள். அவளைச் சுற்றி உடலை இழுத்து முறிக்கிறார்கள், தலையை வெட்டுகிறார்கள், தூரத்தில் தூக்குமரங்கள். நற்குண வரிசையில் இருக்கிற படம் இது. பாவ வரிசையில் எதிலும் இவ்வளவு நிஜமான கொடுமை கிடையாது. இது சரி என்று சொல்கிறாரா, தப்பு என்று சொல்கிறாரா என்று இத்தனை நூற்றாண்டாக வாதம் ஓயவில்லை. குறையில்லாத முகத்தில் கோடு இல்லை என்று எழுதியிருந்தீர்கள். இங்கே கோடுகளுக்குப் பஞ்சமே இல்லை.

அடுத்து இத்தாலிய ஓவியர் ஜியோட்டோ. பாதுவா நகரில் ஸ்க்ரோவெஞ்னி சிற்றாலயம், சுமார் 1305. சுவரின் ஆகக் கீழ்வரிசையில், நடப்பவர் பக்கத்திலேயே வரும்படி, ஒருபுறம் ஏழு நற்குணங்கள், எதிர்ப்புறம் ஏழு தீக்குணங்கள். மேலே எல்லாம் வண்ணம், இவை மட்டும் கல்லில் செதுக்கியதுபோலச் சாம்பல் நிறம். அதனாலேயே அச்சுக்காரர்களுக்கு அவை சொந்தப் படங்கள் மாதிரி. பொறாமையின் வாயிலிருந்து ஒரு பாம்பு வெளியே வந்து, திரும்பி, அவள் கண்ணையே கொத்த வருகிறது. ஒரு கை பணமுடிப்பை இறுக்கிக்கொண்டிருக்க, மறு கை இன்னும் எதையோ பறிக்க நீள்கிறது. காலடியில் தீ. நீதியையும் அநீதியையும் பாருங்கள். இருவர் காலடியிலும் சின்னதாக ஒரு காட்சிப் பட்டை உண்டு. அநீதியின் கீழே வழிப்பறியும் வன்முறையும். நீதியின் கீழே பெண்கள் ஆடுகிறார்கள், மக்கள் பயமில்லாமல் பயணம் போகிறார்கள். நீதி எப்படி இருப்பாள் என்று தெரிய வேண்டுமானால் அவளைப் பார்க்காதே, அவள் இருக்கும் ஊரில் மற்றவர்கள் என்ன செய்ய முடிகிறது என்று பார் என்கிறார். உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

ஒரு தொழில் எச்சரிக்கை. அச்சில் இடம் வலமாகும், வலம் இடமாகும். தகட்டில் வலது கையால் கொடுப்பதாக வெட்டினால் தாளில் இடது கையால் கொடுப்பார். ஐரோப்பியப் படங்களில் அது பெரிய குற்றமாகத் தெரியாது. நம்மூரில் இடது கையால் பிச்சை போடும் ஈகையைப் பார்த்தால் முதல் பார்வையிலேயே படம் செத்துவிடும். ஓவியத்தை டிரேசிங் தாளில் எடுத்துக் கவிழ்த்துப் போட்டுத் தகட்டில் ஏற்றுங்கள்.

---

ஓமலூர்த் தமிழாசிரியர் (ஓய்வு) எழுதியது:

அம்மா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். தம்பி சொன்ன பொறாமைப் படம் என்னை உலுக்கிவிட்டது. காரணம் சொல்கிறேன்.

வள்ளுவர் பொறாமையை ஒரு குணமாகச் சொல்லிவிட்டு நிறுத்தவில்லை. ‘அழுக்காறு எனஒரு பாவி’ என்று ஆளாகவே நிறுத்துகிறார். அந்தப் பாவி என்ன செய்வானாம்? செல்வத்தை அழித்து, ‘தீயுழி உய்த்து விடும்.’ தீக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவான். இத்தாலியச் சுவரிலும் பொறாமை தீயில்தான் நிற்கிறாள். ஒருவரை ஒருவர் அறியாத இருவர் ஒரே இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள்.

அதற்கு முந்தைய குறள் உங்களுக்கு இன்னும் பயன்படும். பொறாமை உடையவனைத் திருமகள் பொறுக்க மாட்டாமல் தன் அக்காளுக்குக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாள். அந்த அக்காள் தவ்வை, நாம் மூதேவி என்று வைகிறவள். முயற்சியைச் சொல்லும் ஆள்வினையுடைமை அதிகாரத்திலும் அவளே வருகிறாள்: மடி உள்ள இடத்தில் மாமுகடி, முயற்சி உள்ள இடத்தில் தாமரையினாள். சிற்பத்தில் தவ்வைக்குக் காக்கைக் கொடி, துடைப்பம், ஊர்தி கழுதை. காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் பார்க்கலாம். உங்கள் புரூகலின் சோம்பல் சாய்ந்து தூங்குவது எதன்மேல்? கழுதைமேல்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாவம் ஏழு, புண்ணியம் ஏழு என்று பிரிக்காமல் இரண்டையும் ஒரே படத்தில் வைத்த மரபு சமணருடையது. பசியோடு வந்த ஆறு பேர் ஒரு நாவல் மரத்தைப் பார்க்கிறார்கள். ஒருவன் வேரோடு சாய்க்கலாம் என்கிறான். அடுத்தவன் அடிமரத்தை வெட்டினால் போதும் என்கிறான். மூன்றாமவன் கிளையை, நான்காமவன் கொத்தை, ஐந்தாமவன் பழுத்ததை மட்டும். ஆறாமவன் கீழே விழுந்து கிடப்பதே வயிற்றுக்குப் போதுமே என்கிறான். லேசியை மரம் என்பார்கள். சமண ஓவியங்களில் ஆறு பேருக்கும் ஆறு நிறம், கறுப்பில் தொடங்கி வெள்ளையில் முடியும். பசி எல்லோருக்கும் ஒன்றுதான், மரமும் ஒன்றுதான். எவ்வளவு அழிக்கத் துணிகிறார்கள் என்பதில்தான் ஆளுக்கு ஆள் வேறுபாடு. நாவலை எடுத்துவிட்டு நம் சேலத்து மாமரத்தை வைத்தால் எவன் கேட்பான்?

---

கொலுசுப்பட்டறை மகள் எழுதியது:

அண்ணா, ஐயா, இருவருக்கும் நன்றி. பதில்களைத் தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறேன்.

லேசியை மரத்தைப் படித்தவுடன் கை பரபரத்தது. லினோவில் ஒரே அட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நிறம் அடித்து, முன்னதன் மேலேயே அச்சிடும் முறை ஒன்று உண்டு. வெளிர் நிறத்தில் தொடங்கி அடர்நிறத்தில் முடியும். கடைசி நிறம் அடிக்கும்போது அட்டையில் ஏறத்தாழ ஒன்றும் மிஞ்சாது. மறுபடி அச்சிடவே முடியாது. மரத்தை எவ்வளவு அழிக்கலாம் என்று கேட்கிற கதையைச் சொல்ல அட்டையே அழிந்துகொண்டு வருகிற முறையைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. விழுந்த பழம் பொறுக்குகிறவனை முதலில் அடிக்கும் வெளிர் நிறத்தில் வைப்பேன். அவன் தொட்டபோது அட்டை கிட்டத்தட்ட முழுசாக இருந்திருக்கும். வேரோடு சாய்க்க வந்தவன் கடைசியில் வருவான், அப்போது அட்டையில் மரமே இருக்காது.

ஆனால் ஐயா, நிறத்தை நான் மாற்றப்போகிறேன். கறுப்பைப் பாவத்துக்குக் கொடுக்க மாட்டேன். பாட்டி வீட்டுப் படத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்த சிறுமி நான். என் வகுப்பில் எஸ்டேட்டில் காப்பி பறிக்கிறவர்களின் பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்களிடம் கறுப்பு மை டப்பாவைக் கொடுத்து இதுதான் பாவத்தின் நிறம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அச்சுக்கலையில் கறுப்பு இல்லாமல் படமே இல்லை. லினோவில் வெட்டாமல் விட்டதுதான் கறுப்பாக நிற்கிறது. அதனால் என் மரத்தில் எலுமிச்சை மஞ்சளிலிருந்து செங்கல் சிவப்புக்குப் போவேன். அண்ணா, மஞ்சள் மேல் சிவப்பு சரியாக உட்காருமா? மேலே மழைக் காலத்தில் எண்ணெய் மை காய நாளாகிறது, பனி இறங்கினால் தாளிலும் பூஞ்சை பூக்கிறது.

தவ்வையைப் பற்றியும் ஒன்று. கழுதையையும் காக்கைக் கொடியையும் எடுத்துக்கொள்கிறேன். அவளைச் சோம்பலாக மட்டும் வெட்டிவிட மனம் ஒப்பவில்லை. ஒரு காலத்தில் கோயிலுக்குள் வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள், அப்புறம்தான் ஏரிக்கரைக்கும் வயல்வெளிக்கும் போனாள். அவள் கையில் இருக்கிற துடைப்பம் யாருடைய கருவி? ஊரைக் கூட்டுகிறவளின் கருவி. அதைப் பிடித்தவளைச் சோம்பேறி என்று வைய என்னால் முடியாது. என் சோம்பல் படத்தில் கழுதை நிற்கும், மேலே ஆள் இருக்காது. தலையணை இருக்கும், அதைச் சரிசெய்யும் அந்தப் பேயின் கை இருக்கும்.

இதை எழுதும்போதே என் இரண்டாவது கேள்விக்கு ஒரு வழி தெரிகிறது. பாவங்களுக்கு முகமே வேண்டாம். விலங்கும் பொருளும் கையும் போதும். முகங்களையெல்லாம் நற்குணப் படங்களுக்கு எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

---

நாகலூர் காப்பித்தோட்டம் எழுதியது:

டீச்சர், நானும் ஏற்காட்டு மலைதான். இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நாங்கள் கத்தோலிக்கர். ஞானோபதேச வகுப்பில் ‘தலையான பாவங்கள்’ என்று ஏழையும் மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். பொறாமையைக் காய்மகாரம் என்போம்.

என் சித்தி சி.எஸ்.ஐ. குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். அவர் வீட்டில் இருதயப் படப் புத்தகம் ஒன்று இருந்தது. ஒரு பெரிய இதயம், மேலே ஒரு முகம். இதயத்துக்குள் மயில், பன்றி, பாம்பு, ஆமை, தேரை எல்லாம் உட்கார்ந்திருக்கும். பக்கம் புரட்டப் புரட்ட அவை வெளியே போகும், கடைசியில் சில திரும்பி வரும். 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஜெர்மனியின் கோஸ்னர் போதகர் பரப்பிய படங்கள் அவை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். உலகம் முழுக்க மிஷன்காரர்கள் கொண்டுபோனார்கள்.

அதில் எனக்குப் பிடித்தது, பாவம் செய்கிறவன் வேறு ஒருத்தன் என்று சொல்லவே முடியாது. ஒரே ஆள்தான், பக்கத்துக்குப் பக்கம் முகம் மட்டும் மாறும். மிருகங்கள் ‘திரும்பி வரும்’ பக்கம்தான் எனக்குச் சின்ன வயதில் பயம். எமலோகப் படம் செத்த பிறகு நடப்பதைக் காட்டுகிறது. இது இன்றைக்குச் சாயங்காலம் நடப்பதைக் காட்டியது. முகம் வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறீர்கள். நல்லதுதான். ஆனால் முகத்தை அடியோடு எடுத்துவிட்டால் பார்க்கிறவர் ‘இது நான் இல்லை’ என்று நகர்ந்துவிட மாட்டாரா? இதையும் யோசியுங்கள்.

---

குகை வண்டிவேடிக்கை எழுதியது:

அக்கா, எனக்கு ஓவியம் தெரியாது. இந்த இழையை யாரோ அனுப்பினார்கள், படித்துக்கொண்டே வந்தேன். தலையில் கடிகாரம், வாயில் கடிவாளம், கையில் கண்ணாடி என்று அந்த அண்ணன் எழுதியதைப் பார்த்ததும் எனக்கு ஒன்றுதான் தோன்றியது. இது எங்கள் வண்டி வேடிக்கைதானே!

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆடிப் பண்டிகையில் சேலம் குகைப் பகுதி மாரியம்மன் காளியம்மன் கோயிலுக்கு வண்டி கட்டுவோம். ஆட்கள் சாமி வேடம் போட்டு வண்டிமேல் நிற்பார்கள், சுற்றிலும் விளக்கு அலங்காரம். வேடம் போட்டவன் ஆடக் கூடாது, அசையக் கூடாது. கையில் என்ன பிடித்திருக்கிறானோ அதை வைத்துத்தான் கீழே நிற்கிற சனம் அவன் யார் என்று கண்டுபிடிக்கும். அந்தக் கையைத் தூக்கியபடியே ராத்திரியெல்லாம் நிற்க வேண்டும். நானும் நின்றிருக்கிறேன், தோள்பட்டை விட்டுப்போய்விடும். கீழே இருந்து பார்க்கிறவர்களுக்குச் சாமி தெரியும், வண்டிமேல் இருக்கிறவனுக்கு வலி தெரியும்.

நற்குணத்தை எப்படிக் காட்டுவது என்று கேட்டீர்கள். வேடத்துக்கு உள்ளே இருக்கிற ஆளையும் சேர்த்துக் காட்டுங்கள் அக்கா.

---

கும்பகோணத்து அச்சுக்காரன் எழுதியது:

குகைத் தம்பி, நீங்கள் சொன்னது தற்செயலான பொருத்தமே இல்லை. ஆண்ட்வெர்ப்பிலும் அந்தக் காலத்தில் இதேபோல வண்டி ஊர்வலம் நடந்தது. செல்வம், தற்பெருமை என்று ஒவ்வொன்றும் வேடமிட்டு வண்டிமேல் வரும். 1561இல் நடந்த ஊர்வலத்தை வைத்து மார்ட்டன் வான் ஹேம்ஸ்கெர்க் ஒரு வரிசை வரைந்தார். கார்னெலிஸ் கோர்ட் செம்பில் வெட்ட, புரூகலை அச்சிட்ட அதே ஹிரோனிமஸ் காக் 1564இல் வெளியிட்டார்.

அதன் அமைப்பை டீச்சர் அவசியம் பார்க்க வேண்டும். ஏழு ஏழாகப் பிரிக்கவே இல்லை. செல்வத்தின் வண்டிக்குப் பின்னால் தற்பெருமையின் வண்டி. தற்பெருமை பெற்ற மகள் பொறாமை. பொறாமை பெற்றது போர். போர் பெற்றது வறுமை. வறுமை பெற்றது பணிவு. பணிவு பெற்றது அமைதி. அமைதியாக இருந்தால் ஊரில் மறுபடி செல்வம் சேரும், செல்வம் சேர்ந்தால் மறுபடி தற்பெருமை. ஒரு வட்டம். பாவத்தின் வயிற்றில் நற்குணம் பிறக்கிறது, நற்குணத்தின் வயிற்றில் பாவம். முதலில் உலகத்தின் வண்டி, கடைசியில் இறுதித் தீர்ப்பு, நடுவில் இந்தச் சக்கரம்.

வட்டம் என்றதும் ஓவியர் போஷும் நினைவுக்கு வருகிறார். மாட்ரிட்டில் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கும் ஏழு பாவங்கள் பலகையில் நடுவே ஒரு கண், சுற்றி ஏழு பாவங்கள் சக்கரமாக. அவரிடம் பேராசை யார் தெரியுமா? லஞ்சம் வாங்கும் நீதிபதி. ஏழைமேல் பாவத்தை ஏற்றக் கூடாது என்ற உங்கள் கவலையை ஐந்நூறு ஆண்டுக்கு முன்பே அவரும் கொஞ்சம் பட்டிருக்கிறார். நாகலூர்க்காரர் கேட்ட கேள்விக்கும் அங்கேயே ஒரு பதில் இருக்கிறது. தற்பெருமைக்காரி நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள், ஒரு பேய் அவளுக்குக் கண்ணாடி பிடிக்கிறது. முகத்தை அழிக்கவும் வேண்டாம், நேராகக் காட்டவும் வேண்டாம்.

பழையதை எடுத்து இன்றைக்குச் செய்யலாமா என்ற தயக்கம் இருந்தால் ஆங்கில ஓவியர் டேவிட் ஹாக்னியைப் பாருங்கள். அதே நாட்டு ஓவியர் ஹோகார்த் 1730களில் வரைந்த ஊதாரி ஒருவனின் கதையை எடுத்து, 1961இலிருந்து 1963வரை பதினாறு எட்சிங் (தகட்டை அமிலத்தால் அரித்து எடுக்கும் அச்சுப்படம்) போட்டார். ஊதாரியின் இடத்தில் நியூயார்க்கில் வந்திறங்கிய தன்னையே நிறுத்தினார்.

மை விஷயம்: மஞ்சள்மேல் சிவப்பு நன்றாகவே உட்காரும், ஆனால் மஞ்சள் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். மழைக் காலத்தில் மேலே அடிக்காதீர்கள். சேலத்துக்கு இறங்கி வந்து அடியுங்கள், மார்ச்சில் அங்கே இருக்கிற வெயிலுக்கு எந்த மையும் காயும். தாள் பாண்டிச்சேரிக் கைக்காகிதம் போதும், ரொம்பச் சொரசொரப்பான ரகத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

---

கொலுசுப்பட்டறை மகள் எழுதியது:

இரவு முழுக்க இந்த வட்டத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏழும் ஏழுமாகப் பதினான்கு சட்டம் போட்டுச் சுவரில் மாட்டும் திட்டத்தை விடுகிறேன். வண்டிகளாக வரப்போகின்றன, குகையின் வண்டிகளாக. ஒவ்வொன்றும் தனித் தகடு, ஆனால் ஒரு வண்டியின் பின்சக்கரம் அடுத்த தாளின் ஓரத்தில் தொடங்கும். வட்டமாக அடுக்கினால் எங்கே ஆரம்பம் என்று யாரும் சொல்ல முடியாது. பேராசை வண்டியில் அந்தத் தேரை தராசோடு அப்படியே ஏறிக்கொள்ளும். அதற்குப் பின்னால் வறுமையின் வண்டி. மாடு கிடையாது, அடகு வைத்தவர்களே இழுக்கிறார்கள். அதற்கும் பின்னால் வருகிற வண்டியில்தான் முதல் முறையாக ஒரு முகம் நேராகத் தெரியும். நாகலூர் அக்கா, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். பாவ வண்டிகளில் இருப்பவர்கள் முதுகைக் காட்டுவார்கள். முதுகு யாருடையதாகவும் இருக்கலாம், பார்க்கிறவருடையதாகவும்.

நற்குண வண்டிகளில் வண்டியின் மேலே பெரிய உருவம் எதுவும் வேண்டாம் என்று நினைத்தேன். தம்பி எழுதிய தோள்பட்டையைப் படித்த பிறகு மாற்றிக்கொண்டேன். மேலே வேடம் போட்டவர் நிற்பார். கிரீடம் அட்டை என்று தெரியும், பின்னால் கட்டிய கயிறு தெரியும், தூக்கிய கை நடுங்குவது கோட்டில் தெரியும். கீழே, ஜியோட்டோவின் பட்டை மாதிரி, வண்டியைச் சுற்றி நடக்கிறவர்கள். முன்யோசனை வண்டிக்குக் கீழே மழைக்கு முன் ஓடு மாற்றுகிறவர்கள், விதை மூட்டையைப் பரணில் ஏற்றுகிறவள். ஈகைக்குக் கீழே அரசு மருத்துவமனை வாசலில் நோயாளிக்குத் துணை வந்தவர்களுக்குச் சோற்றுப் பொட்டலம் நீட்டுகிறவர், வலது கையால்தான் அண்ணா. பொறுமைக்குக் கீழே அறுந்த பாவு இழைகளை ஒவ்வொன்றாக எடுத்து முடிபோடும் அம்மாபேட்டை நெசவாளி. அதில் ஒவ்வொரு இழையையும் தனிக் கோடாக வெட்டப்போகிறேன், ஒன்றையும் விடாமல். அதைப் பார்த்துப் பார்த்துக் கண் வலித்தால் அதுதான் நான் காட்ட நினைத்த பொறுமை.

நீதி வண்டி மட்டும் இன்னும் பிடிபடவில்லை. புரூகலின் நீதியைப் பார்த்த பிறகு அவளை இனிமையாக வரைய எனக்குத் துணிவில்லை, கொடுமையாக வரையவும் மனமில்லை. அவளை ஊர்வலத்தில் காலியான ஓர் இடைவெளியாக விடலாமா என்றுகூட யோசிக்கிறேன். இரண்டு வண்டிகளுக்கு நடுவே வெறும் தெரு, எல்லோரும் திரும்பிப் பார்த்துக்கொண்டு. ஐயா, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஐயாவின் மாமரம் இந்த ஊர்வலத்தில் சேராது. அது தனிப் படம். மார்ச்சில் இறங்கி வந்து செவ்வாய்ப்பேட்டை வீட்டு மொட்டை மாடியில் அடிப்பேன்.

குகைத் தம்பி, ஆடியில் வண்டி கட்டும்போது நான் வந்து வரைந்துகொள்ளலாமா? ராத்திரி ஊர்வலத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எனக்கு வேண்டியது பகலில் மூங்கில் கட்டுவதும், வேடம் போடுகிறவரைச் சாய்வுக் கட்டையோடு சேர்த்துக் கட்டும் விதமும்.

---

ஓமலூர்த் தமிழாசிரியர் (ஓய்வு) எழுதியது:

இடைவெளியாக விடுங்கள் அம்மா. ஆனால் அந்தத் தெருவில் ஒரு மாட்டையும் அதன் கழுத்து மணியையும் வையுங்கள். மனுநீதிச் சோழன் கதை தெரிந்தவர்களுக்கு அது போதும். கன்றை இழந்த பசு தானே போய் ஆராய்ச்சி மணியை அடித்தது. நீதி வரும்வரை அடிக்கிறவர்கள் யார் என்று காட்டினாலே பாதி வேலை முடிந்தது.

---

குகை வண்டிவேடிக்கை எழுதியது:

தாராளமாக வாங்க அக்கா. கட்டும் வேலை மதியத்துக்கு மேல்தான் சூடு பிடிக்கும். காலையில் வந்தால் மூங்கிலும் கயிறும்தான் கிடக்கும், ஆனால் நீங்கள் கேட்டதும் அதைத்தானே. வேடம் கட்டுகிற பெரியவர் ஒருவர் இருக்கிறார், வரைய விடுவார், பேச்சு கொடுத்தால் மட்டும் முடிச்சு தளர்ந்துவிடும் என்று கோபப்படுவார். ஆடிப் பண்டிகைக்குக் கோயிலில் தேதி குறித்ததும் இந்த இழையிலேயே போடுகிறேன்.